பல் கூடினால் வேகம் கூடுமா?

நம் கல்லூரித் துவிச்சக்கர வண்டிக் கொட்டிலில் நிற்பவற்றுட் பல, தடித்த டயரும் பல கியரும் உடைய மலைவண்டிகள். நமக்கோ மலை இல்லை. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பிரதான வீதி உள்ளங்கை போலத் தட்டையானது. ஆதலின் மாணவர் சிலர், முன் பற்சில்லைக் கழற்றிப் பெரியதொன்றைப் பூட்டினால் விரைந்து செல்லலாம் என்று கருதிப் பெற்றோரின் பணத்தைச் செலவிடுகின்றனர். அவர்தம் எண்ணம் முழுவதும் பிழையன்று; முழுவதும் சரியுமன்று.

யானும் அதனைச் செய்தவனே. 42 பல் இருந்த இடத்தில் 48 பல் பூட்டினேன். முதல் இரண்டு நாளும் பெருமையாக இருந்தது. கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் முழங்கால் நோ கண்டதே மிச்சம். புதிய சில்லின் உச்ச கியரை யான் பயன்படுத்திய நாள்கள் மிகச் சிலவே.

காரணத்தைக் கணக்கு உரைக்கும். முன்னே 42 பல், பின்னே 14 பல் எனின், மிதி ஒருமுறை சுற்ற, சில்லு மூன்று முறை சுற்றும். 26 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 2.05 மீற்றர், ஆகவே வண்டி 6.15 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் மணிக்கு 29 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாம். 48 பல்லாயின் அதே மிதிப்பில் ஏறக்குறைய 34 கிலோமீற்றர் ஆகும். பல் கூடியது ஏழில் ஒரு பங்கே. ஆனால் காற்றின் தடையை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்வதால், கால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உழைத்தல் வேண்டும். பற்சில்லு வலுவைப் பங்கிடுமேயன்றிப் படைக்காது.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த யாழ்நூலில், நரம்புகளின் விகிதங்களைக் கணக்கிட்டுப் பண்டை இசையை ஆராய்ந்தார். அவர் பிறந்த மண்ணின் பிள்ளைகள் பற்சில்லின் விகிதத்தைக் கணக்கிடாது கடைக்கு ஓடுதல் தகுமா?

நிற்க. வேகம் வேண்டுவோர் முதலிற் செய்யத்தக்கவை மூன்று. முள்முள்ளான தடித்த டயரை நீக்கி, ஒடுங்கிய வழுவழுப்பான டயரிட்டு, அதன் பக்கத்திற் பொறித்த அளவுக்குக் காற்றடித்தல் ஒன்று. மிதி கீழே செல்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையை உயர்த்தல் இரண்டு. பாரமான கியரில் உந்தாமல், இலகுவான கியரில் விரைந்து மிதிக்கப் பழகுதல் மூன்று. மூன்றையும் செய்த பின்னரும், காற்றில்லா வேளையில், உச்ச கியரிற் கால் வெறுமனே சுழலுமாயின், அவனே பெரிய சில்லுக்கு உரியவன்.

அவனும் ஆராய்ந்தே மாற்றுதல் வேண்டும். மலைவண்டியின் பின்சட்டம் அகன்றிருப்பதால் பெரிய சில்லு அதில் உராயக்கூடும். கியர் மாற்றியை உயர்த்த வேண்டும். செயினும் நீள வேண்டும். புதிய செயினைத் தேய்ந்த பற்களில் இட்டால் அழுத்தி மிதிக்கையில் வழுக்கும். பேருந்துகள் முந்திச் செல்லும் வீதியில் அவ்வழுக்கல் உயிரையே வாங்கிவிடலாம். பிரேக்கைச் சீராக்காமல் வேகத்தைக் கூட்டுவதும் அத்தகையதே.

கியரே வேண்டாம் என்பது என் கருத்தன்று. 1903 இல் தொடங்கிய தூர் த பிரான்ஸ் ஓட்டப் போட்டி, கியர் மாற்றியை முன்னணி வீரர்க்கு 1937 வரை மறுத்தது. இன்று அது இன்றி எவரும் அங்கே ஓடுவதில்லை. கருவியை வெறுத்தலும் பிழை. அறியாது நம்புதலும் பிழை.

பழைய மாணவ அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். இவ்விழாவின் நினைவாகப் பரிசு வண்டி ஒன்று வழங்க எண்ணுவீராயின், அப்பொருளைக் கொண்டு கொட்டிலின் ஒரு மூலையிற் பழுதுபார்க்கும் மேசை ஒன்றை அமைத்துத் தாருங்கள். அழுத்தமானியோடு கூடிய காற்றுப்பம்பி, செயின் கழற்றி, பற்சில்லு கழற்றி, சில திருகாணிச் சாவிகள் போதும். பரிசு வண்டி ஒருவனுக்கே உதவும். மேசையோ, தன் வண்டியைத் தானே எண்ணி, அளந்து, திருத்தக் கற்கும் பல தலைமுறை மாணவரை உருவாக்கும்.