கட்டு பிரிச்சதோட கால் சரியாகிடாது

நேத்து காலையில சேரங்கோட்டுல இருந்து சேரம்பாடி ரோட்டுல ஓடிக்கிட்டு இருந்தேன். கொழுந்து பறிக்கப் போன அக்கா ஒருத்தர் நின்னு, "என்ன தம்பி, யானை துரத்துதா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, டிசம்பர்ல கோயம்புத்தூர்ல 21 கிலோமீட்டர் ஓடப் போறேன்னேன். "வேலை செய்யுற உடம்புக்கு எதுக்கு ஓட்டம்"னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

போன வருஷம் ஜூன்ல, மழை பிடிச்ச மூணாவது நாள், முப்பது கிலோ இலை மூட்டையோட சரிவுல வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் உடைஞ்சது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரிச்சதும் "எலும்பு கூடிடுச்சு, போகலாம்"னு சொன்னாங்க. நானும் போனேன், நேரா தோட்டத்துக்கு. பத்தாவது நாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மறுபடி ரெண்டு மாசம் படுக்கை. அந்த ரெண்டு மாசத்துல இலை முத்திப்போச்சு, கவாத்து தள்ளிப்போச்சு, கடன் கூடிச்சு. வீட்டுக்காரம்மா தனியா கத்திரி பிடிச்சு இலை வெட்டினதை ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு கிடந்தேன். அந்த வலி காலுல இல்ல.

தப்பு என்னுதுதான். ஆனா எங்க பக்கம் எல்லாரும் செய்யுற தப்பு. எலும்பு கூடுறது வேற, கால் வேலைக்குத் தயாராகுறது வேற. ஆறு வாரம் அசையாம கிடந்தா கெண்டைக்கால் சதை கரைஞ்சு போகும், மூட்டு இறுகிடும். ஒத்தக்கால்ல பத்து வினாடி நிக்க முடியாது. எக்ஸ்ரேயில இதெல்லாம் தெரியாது.

அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பி சொல்லிக் கொடுத்தாரு. தரையில துண்டை விரிச்சு கால் விரலால சுருட்டுறது, படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலைத் தூக்கி இறக்குறது, பல்லு விளக்கும்போது ஒத்தக்கால்ல நிக்கிறது. காசு செலவில்லாத வேலைதான். மூணு மாசம் விடாம செஞ்சேன். பிறகு இருபது நிமிஷம் நடை. அதுக்கப்புறம் நாலு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் மெதுவோட்டம். கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிற மகன் அப்போதான் விளையாட்டா சொன்னான், "அப்பா, இப்படியே போனா மாரத்தானே ஓடலாம்"னு.

இப்ப அந்த அக்காவோட கேள்விக்கு வர்றேன். வேலை உடம்பைக் கெட்டியாக்கும், உண்மை. ஆனா வேலை என் காலைப் பார்த்து அளவு வைக்காது. இலை தளிர்த்தா வெட்டணும், மூட்டை நிறைஞ்சா சுமக்கணும், வண்டி வர்றதுக்குள்ள ரோட்டுக்குக் கொண்டு சேர்க்கணும். ஓட்டத்துல அளவு என் கையில. இந்த வாரம் 6 கிலோமீட்டர், வலிச்சா அடுத்த வாரமும் அதே 6. அடிபட்ட கால் தேறுறதுக்கு இந்த அளவுதான் வேணும். அதைத் தோட்டத்துல யாரும் தர்றதில்ல.

சிட்டி நண்பர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். "வலியைத் தாண்டி ஓடு"ன்னு எனக்கு வீடியோவா அனுப்புறீங்க. மா. சுப்பிரமணியன் அவர்களை உதாரணம் காட்டுறீங்க. விபத்துல முழங்கால் உடைஞ்சவர், ஐம்பது தாண்டின பிறகு ஓட ஆரம்பிச்சு நூறு அரை மாரத்தானுக்கு மேல முடிச்சவர். எனக்கும் அவர் மேல மரியாதை உண்டு. ஆனா விபத்துக்கும் அவரோட முதல் ஓட்டத்துக்கும் நடுவுல பல வருஷம் இருக்கு. அந்த வருஷங்களைப் பத்தி யாரும் வீடியோ போடுறதில்ல.

காலை நாலரைக்கு ஓடச் சொல்றீங்க. இங்க முடியாது. 'புல்லட்'னு பேர் வச்ச யானை இந்தப் பக்கம் வீடு வீடா இடிச்சு, 2024 டிசம்பர்ல வனத்துறை பிடிச்சுட்டுப் போனதைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அது போயிடுச்சு, மத்ததெல்லாம் இங்கேதான் இருக்கு. வாட்ஸ்அப்புல யானை எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு, ஸ்கூல் ஜீப் போன பிறகு ஏழரைக்குத்தான் கிளம்புவேன். இறக்கத்துல ஓட மாட்டேன், நடப்பேன். ஏத்தத்தைவிட இறக்கம்தான் மூட்டைப் பதம் பார்க்கும்.

நான் கேட்கிறது பெரிய விஷயம் இல்ல. மாவுக்கட்டு பிரிக்கிற அன்னைக்கே "இனி என்ன பயிற்சி, எத்தனை நாள்"னு ஒரு சீட்டு எழுதிக் கையில கொடுக்கணும். 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்குறாங்க. தோட்ட வேலையில விழுந்தவங்களும் அதைக் கேட்டு வாங்கணும். ஊர்ல உங்க அப்பா, சித்தப்பா யாராவது அடிபட்டுக் கிடந்தா, மாத்திரை வாங்க அனுப்புற காசோட இதையும் ஒரு போன் போட்டு விசாரிங்க.

போன ஞாயிறு 14 கிலோமீட்டர் முடிச்சேன். கால் வீங்கல. டிசம்பருக்குள்ள வீங்கினா கோயம்புத்தூர் போக மாட்டேன். வீட்டுக்காரம்மாகிட்ட அதை வாக்காவே கொடுத்திருக்கேன். ஓட்டம் அடுத்த வருஷமும் வரும். இலை பத்து நாளைக்கு ஒருக்கா வந்துடும், அதுக்குக் கால் வேணும்.