பழைய டிராக்டருக்கு உதிரிபாகம்: எதைப் புதிதாக வாங்குவது, எதைப் பழையதாக வாங்குவது?

"எங்கள் அப்பா 1991-ல் வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் ஓடுகிறது. இரண்டு வருஷமாகப் புகை தள்ளுகிறது. கலப்பையைத் தூக்கினால் நிற்காமல் மெல்ல இறங்கிவிடுகிறது. இன்ஜின், ஹைட்ராலிக் இரண்டையும் பிரித்தால்தான் ஆகும், 90,000 ரூபாய் எடுத்து வையுங்கள் என்கிறார் மெக்கானிக். ஷோரூமில் கேட்டால் பாதி சாமான் ஆர்டர் போட்டுத்தான் வரும் என்கிறார்கள். வண்டியைக் கொடுத்துவிட்டு லோனில் புதிது எடுக்கலாம் என்கிறான் மகன். நிலம் நாலரை ஏக்கர்தான். நகையை அடகு வைத்து ரிப்பேர் பார்ப்பதா, வண்டியை விற்பதா?"

- செய்யாறு பகுதியிலிருந்து ஒரு வாசகர்

நகையை இப்போது எடுக்க வேண்டாம். அந்த 90,000 என்பது வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லப்பட்ட தொகை. எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் சொல்லும் எந்தத் தொகையும் குத்துமதிப்புதான். உதிரிபாகத்தில் பணம் மிச்சம் பிடிப்பது கடையில் ஆரம்பிப்பதில்லை. தேவையில்லாத சாமானை வாங்காமல் இருப்பதில் ஆரம்பிக்கிறது.

புகை என்று எழுதியிருக்கிறீர்கள், நிறத்தை எழுதவில்லை. கரும்புகை என்றால் முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். இந்த வண்டிகளில் ஆயில் பாத் ஏர் கிளீனர். அதன் அடித்தொட்டியில் எண்ணெய் சேறாகிக் கெட்டியாகியிருக்கும். கழுவி, கோடு வரைக்கும் புது எண்ணெய் ஊற்றினாலே பல வண்டிகளில் பாதிப் புகை போய்விடும். அப்படியும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர்களை மட்டும் கழற்றி டீசல் பம்பு பட்டறையில் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வு கைடு பக்கம் பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வெள்ளைப்புகை வந்து, வண்டி சூடானதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. சூடான பிறகும் வெள்ளையாகவே தள்ளி, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படி இருந்தால் அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் சரி. புகை குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு அப்போதுதான் வர வேண்டும்.

அடுத்து ஹைட்ராலிக். கலப்பை தூக்குகிறது, ஆனால் நிற்பதில்லை என்கிறீர்கள். இது பம்பு தேய்மானத்தின் அடையாளம் இல்லை. பம்பு தேய்ந்தால் தூக்கவே திணறும், அதிலும் எண்ணெய் சூடானதும் இன்னும் திணறும். தூக்கிய பிறகு இறங்குகிறது என்றால் உள்ளே எங்கோ எண்ணெய் கசிகிறது. ராம் சிலிண்டரின் பிஸ்டன் சீல், ஓ ரிங்குகள், கன்ட்ரோல் வால்வு, இவற்றில் ஒன்றாக இருக்கும். மேலே உள்ள லிஃப்ட் கவரைக் கழற்றினாலே சிலிண்டர் வேலை முடியும். மொத்தமாக ஹைட்ராலிக் பம்பு மாற்றுவதோடு ஒப்பிட்டால் சீல், ஓ ரிங் செலவு கால்வாசிகூட வராது. மெக்கானிக்கிடம் "பம்பை ஏன் மாற்ற வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொன்று, சிலர் பழைய ஃபெர்குசன் அமைப்பில் பி.டி.ஓ. லீவரைப் போடாமலே "லிஃப்ட் தூக்கவில்லை" என்று பட்டறைக்கு வண்டியை இழுத்துவருவார்கள். இதில் ஹைட்ராலிக் பம்பு பி.டி.ஓ. தண்டில்தான் ஓடுகிறது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சரிசெய்யும் வரை தூக்கிய கலப்பைக்குக் கீழே கையோ தலையோ போகக் கூடாது. கொழுவை மாற்ற வேண்டுமானால் தரையில் இறக்கி, கட்டை முட்டுக் கொடுத்து மாற்றுங்கள்.

இனி சாமான் தேடும் வேலைக்கு வருவோம்.

கடைக்குப் போகும் முன் வண்டியின் இன்ஜின் எண், சேசிஸ் எண், தயாரித்த வருஷம் மூன்றையும் ஆர்.சி. புத்தகத்திலிருந்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் வருஷத்துக்கு வருஷம் சாமான் மாறியிருக்கும். கழற்றிய பழைய சாமானைக் கழுவித் துடைத்துக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் வார்ப்பிலோ முத்திரையிலோ எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புது எண் கொடுத்திருப்பார்கள். ஷோரூமில் "அந்த நம்பர் வருவதில்லை" என்றால் திரும்பிவிடாதீர்கள், "அதற்கு மாற்று நம்பர் என்ன?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி அலைச்சல் மிச்சம்.

டிராக்டர் சாமான் என்று நாம் நினைப்பதில் பல, டிராக்டர் சாமானே இல்லை. பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பில் 6206 என்று பொறித்திருந்தால் அது உலகம் முழுக்க ஒரே அளவு: உள்விட்டம் 30 மி.மீ., வெளிவிட்டம் 62, அகலம் 16. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் தண்டின் அளவு கிடைக்கும் (04 முதல் மேலே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்கு). 6306 என்றாலும் தண்டு அதே 30 மி.மீ.தான், ஆனால் வெளிவிட்டம் 72, அகலம் 19, கனமான பேரிங். எண்ணைப் படித்துப் பேரிங் கடையிலேயே வாங்கிவிடலாம், டிராக்டர் கம்பெனி பாக்கெட்டுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சி3 என்று இருந்தால் உள் இடைவெளி அதிகமுள்ள வகை, அதற்குப் பதில் சாதாரணத்தைப் போடக் கூடாது. ஆயில் சீலிலும் மூன்று அளவு எழுதியிருக்கும்: தண்டு, துளை, கனம். ஃபேன் பெல்ட்டில் நீளமும் வகையும் அச்சிட்டிருக்கும். ஓ ரிங், ஹோஸ், கிளிப், பல்பு எல்லாமே இப்படித்தான்.

போல்ட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மாஸி, ஃபோர்டு மாதிரி அந்தக் காலத்து வண்டிகளில் மரை இஞ்ச் கணக்கில் இருக்கும். அவசரத்தில் மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்து இறுக்கினால் ஹவுசிங்கின் மரையே போய்விடும். ஐம்பது ரூபாய் போல்ட்டுக்காக ஆயிரக்கணக்கில் லேத்து வேலை வரும்.

அடுத்தது பாக்கெட் விஷயம். டிராக்டர் கம்பெனி எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை. பிஸ்டனை ஒருவர், இன்ஜின் பேரிங்கை ஒருவர், ஸ்டியரிங் மூட்டுகளை ஒருவர், செல்ஃப் மோட்டாரை ஒருவர் என்று வாங்கித்தான் பூட்டுகிறார்கள். அதே தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் கடைக்கு அனுப்புகிறார்கள். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யோகம் உண்டு. டாஃபே, சிம்ப்சன், இந்தியா பிஸ்டன்ஸ், பைமெட்டல் பேரிங்ஸ் எல்லாமே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தவை. ஸ்டியரிங் பாகங்களுக்கு ரானே, செல்ஃப் மோட்டாருக்கு லூகாஸ் டிவிஎஸ், இவையும் சென்னைதான். ஆகவே "கம்பெனி பாக்கெட் இல்லை" என்றால், "தயாரிப்பாளர் பாக்கெட் இருக்கிறதா?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். தரம் குறையாது, விலை குறையும்.

அதற்குக் கீழே லூதியானா, ராஜ்கோட், டெல்லி பக்கமிருந்து வரும் சாமான்கள். எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஃபென்டர், பானெட், சீட்டு, விளக்கு, சைலன்ஸர், டாப் லிங்க் பின், லிஃப்ட் ஆர்ம் முனை, இவற்றைத் தாராளமாக வாங்கலாம். கியர், தண்டு போன்றவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், பதப்படுத்தியதில்தான் வித்தியாசம். அது தெரிய ஒரு போகம் ஆகும்.

கியருக்குப் பழைய சாமான் கடைதான் என் யோசனை. காயலான் கடை என்று ஒதுக்க வேண்டாம். உடைக்க வந்த வண்டியில் இருக்கும் ஒரிஜினல் கியர், புது மட்டச் சாமானைவிட நாள்படும். பல்லின் முகத்தில் குழிகுழியாக அரித்திருக்கிறதா, முனை மழுங்கியிருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். சென்னை புதுப்பேட்டையில் இப்படி வாகனங்களைப் பிரித்து விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஜி.பி. ரோட்டில் புது உதிரிபாகக் கடைகள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் ஒரு கேஸ்கெட்டுக்காகப் போகாதீர்கள். பட்டியல் முழுசாகக் கையில் இருந்தால் போங்கள்.

பழைய சாமானில் தொடக் கூடாதவையும் உண்டு. ரிங், இன்ஜின் பேரிங், கேஸ்கெட், சீல், பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட் இதெல்லாம் புதிதுதான். ஸ்டியரிங் பால் ஜாயின்ட், முன் அச்சின் ஸ்பிண்டில், பிரேக் சம்பந்தமான எதுவும் நல்ல தயாரிப்பாளர் பாக்கெட்டாக, பில்லோடு வாங்குங்கள். மேட்டில் கரும்பு டிரெய்லரோடு ஏறும்போது கழன்றுகொள்ளும் சாமானில் போய் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முன் அச்சு நடு பின்னின் புஷ் தேய்ந்து வண்டி தள்ளாடினால் உதிரிபாகக் கடைக்கே போக வேண்டியதில்லை. நல்ல லேத்து பட்டறையில் கன்மெட்டலில் புஷ் கடைந்து கொடுப்பார்கள். ரேடியேட்டர் ஒழுகினாலும் அப்படித்தான், உள்கூட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒருவேளை இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். கிராங்க் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, அரைத்து முடிக்கும் வரை பேரிங் வாங்காதீர்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாக அரைப்பார்கள். பட்டறையில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்பார்கள். ஏற்கனவே இரண்டு முறை அரைத்த ஷாஃப்ட்டுக்கு நீங்கள் முன்கூட்டியே வாங்கிய பேரிங் பொருந்தாது, பாக்கெட்டைக் கிழித்தால் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார். பிஸ்டன், லைனரும் அதே கதைதான். டீசல் பம்பை மட்டும் டிராக்டர் மெக்கானிக் பிரிக்க விடாதீர்கள். காலிபரேஷன் பெஞ்ச் உள்ள பம்பு பட்டறையில் கொடுத்து, பழைய எலிமென்ட்டைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

பில்லைப் பற்றி இரண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயர், டியூப், கிளட்ச், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், ஹைட்ராலிக் பம்பு போன்ற பல டிராக்டர் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய வரியிலேயே விலை சொன்னால் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் கேட்க வாயில்லை. பழைய இன்ஜினையோ பிளாக்கையோ வாங்குவதாக இருந்தால் பில்லும், அது இருந்த வண்டியின் காகிதமும் இல்லாமல் தொடாதீர்கள். திருட்டு வண்டி இன்ஜின் என்றால் நீங்கள்தான் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும். இன்ஜின் எண் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்றியாக வேண்டும்.

இப்போது உங்கள் மகன் சொல்லும் யோசனை. டிராக்டர் செலவைக் கணக்கிடும் பாடங்களில் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். நாலரை ஏக்கரில் நெல்லும் மணிலாவும் வைத்தால் உங்கள் சொந்த வேலை நூறு மணி நேரம் வந்தால் அதிகம். வெளியில் வாடகைக்கு ஓட்ட மகன் தயாராக இருந்து, உங்கள் ஊரில் அதற்கு வேலையும் இருந்தால் புது வண்டியைப் பற்றிப் பேசலாம். அது இல்லாமல் தவணை கட்ட நிலத்தால் முடியாது. சாப்பாட்டு நெல்லை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே நான் செய்யச் சொல்வது: ஏர் கிளீனர், இன்ஜெக்டர் டெஸ்ட், ஹைட்ராலிக் சீல், இந்த மூன்றை மட்டும் முதலில். அதில் ஓடிவிட்டால் இந்தப் போகத்தை முடியுங்கள். மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறது என்றால் இன்ஜின் வேலையை அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாலு கடை ஏறி இறங்க நேரம் இருக்கும், மெக்கானிக்கும் அவசரப்பட மாட்டார். ஆடியில் ஏர் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு எந்தக் கடையிலும் விலை குறையாது. இடையில் உழவு தடைபட்டால் வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலியிலோ, அவர்கள் அலுவலகத்திலோ பதிவு செய்து வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சீசனில் வரிசை நீளம், முன்கூட்டியே பதியுங்கள்.

"என்னிடம் ஃபோர்டு 3600 இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஹெச்.எம்.டி. இரண்டுக்கும் சாமான் கிடைக்குமா?"

- விருத்தாசலம் பகுதியிலிருந்து ஒரு வாசகர்

ஃபோர்டுக்குக் கிடைக்கும். இங்கே அதைத் தயாரித்தது எஸ்கார்ட்ஸ். பின்னால் அதே வழியில் வந்ததுதான் அவர்களின் ஃபார்ம்டிராக் 60. பல பாகங்கள் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் ஃபார்ம்டிராக் கடையில் கேளுங்கள், பழைய சாமானைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஹெச்.எம்.டி. கொஞ்சம் சிரமம். பிஞ்சோர் டிராக்டர் தொழிற்சாலையை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. இனிப் புதுச் சாமான் கம்பெனியிலிருந்து வராது. பேரிங், சீல், பெல்ட், ஃபில்டர் அளவைப் பார்த்து வெளியில் கிடைக்கும். கியர், ஹவுசிங்குக்கு உடைக்கும் வண்டிதான் வழி. அவர் தொடர்ந்து ஓட்டப்போகிறார் என்றால், சுற்று வட்டாரத்தில் ஓடாமல் கிடக்கும் அதே மாடல் ஒன்று இரும்பு விலைக்கு வந்தால் முழுசாக வாங்கிக் கொட்டகையில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.யையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.