பொதுமக்களில் ஒருவர்

சக இதழ் ஒன்றின் சென்ற மாதக் கட்டுரை எங்களுக்கு இன்னும் செரிக்கவில்லை. ஆய்வு மாணவர்கள் தங்கள் முனைவர் பட்ட ஆய்வை மூன்றே நிமிடத்தில் மேடையில் சொல்லும் போட்டியைப் பாராட்டி எழுதி, அறிவியல் பாமரனிடம் இறங்கி வந்துவிட்டது என்று முடித்திருக்கிறார்கள். போட்டியோடு எங்களுக்குப் பகையில்லை. 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த வழக்கம் அது. ஒரே ஒரு ஸ்லைடு, 180 நொடி, அவ்வளவுதான். நம்மூர் மேடைக்கு வரும்போது குத்துவிளக்கும் பொன்னாடையும் நீண்ட வரவேற்புரையும் சேர்ந்துகொள்கின்றன. (மூன்று நிமிடக் கெடு வரவேற்புரைக்குக் கிடையாது.) உறுத்துவது ‘இறங்கி’ என்ற அந்த ஒரு சொல்.

இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏறியிருக்க வேண்டும். கோயமுத்தூரில் அறிவியல் எந்தக் காலத்தில் மாடியில் குடியிருந்தது? 1912இல் இங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. தடித்த கரும்பை மெலிந்த காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய ரகங்கள் ‘கோ’ என்ற முன்னெழுத்தோடு பஞ்சாப் வரை போயின. கோ என்றால் கோயமுத்தூர். இன்று சத்தியமங்கலம் பக்கம் கரணை ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் என்ன ரகம் என்று கேளுங்கள்; 86032 என்பார். அது ஆராய்ச்சி நிலையத்துப் பதிவு எண். முதல் இரண்டு இலக்கம் 1986ஐக் குறிப்பது. அதை எவரும் அவருக்கு எளிமைப்படுத்திக் கொடுக்கவில்லை. தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்.

எளிமை என்ற சொல்லோடும் எங்களுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. புரியவில்லை, எளிமையாக எழுதக்கூடாதா என்பது சிற்றிதழ்க்காரன் காலங்காலமாக வாங்கும் வசவு. ஆகவே இதில் கொஞ்சம் தன்னலமும் கலந்திருக்கிறது. ஒரு விஷயத்தில் தனக்கு நட்டமோ லாபமோ இல்லாதவர்தான் எளிமை கேட்பார். உள்ளவர் விவரம் கேட்பார்.

2008இல் கோவை வட்டாரத்தில் பப்பாளி மாவுப்பூச்சி கண்ணில் பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று தோட்டம் தோட்டமாக வெள்ளையடித்துக்கொண்டு ஈரோடு, நாமக்கல், சேலம் வரை போனது. மெழுகைப் போர்த்திக்கொண்ட பூச்சி, தெளித்த மருந்து உள்ளே இறங்காது. பட்டுப்புழு வளர்ப்பவர் மருந்தை நினைத்தும் பார்க்க முடியாது. அந்த இலையைத் தின்றால் புழுவும் சாகும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தார்கள். அவற்றில் இங்கே நிலைத்தது அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். அதன் புழு உள்ளிருந்தே தின்று, குளவியாகி வெளியே வரும். வேளாண் பல்கலைக்கழகத்தில் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். கடன் வாங்கிப் பண்ணையம் பார்க்கிறவரிடம் போய், ‘மருந்தை நிறுத்துங்க, கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஒரு குளவி பாத்துக்கும்’ என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். குளவி கொட்டுமா? பூச்சி தீர்ந்துபோனால் அது எதைத் தின்னும்? பக்கத்துத் தோட்டத்துக்காரன் மருந்தடித்தால் என் குளவி என்ன ஆகும்? இதில் எந்தக் கேள்வி பாமரக் கேள்வி?

இப்படிக் கேள்வி கேட்கப் பொதுமக்களுக்கு ஒரு வாசலும் உண்டு: நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்தின் கடைசிப் படி பொது வாய்மொழித் தேர்வு. பேச்சுவழக்கில் பப்ளிக் வைவா. ஆர்வமுள்ள அனைவரும் வருக என்று பலகையில் தாள் ஒட்டுவார்கள். சில வருடங்களுக்கு முன் அந்தத் தாளை நம்பி ஓர் இடத்துக்குப் போயிருந்தோம். எந்த இடம் என்பது வேண்டாம். ‘நீங்க எந்த டிபார்ட்மெண்டுங்க?’ என்றார் வாசலில் நின்றவர். ‘பொதுமக்களுங்க’ என்றோம். அப்படி ஒரு வகையறா வரும் என்று அவரிடம் யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை போலும்.

ஆய்வு நொய்யல் ஆற்று நீரைப் பற்றியது. எங்களோடு வந்தவர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த பழைய சந்தாதாரர். திருப்பூர்ச் சாயம் அணையில் தேங்கி நின்ற காலத்தில் கிணறும் தென்னையும் போனதைப் பார்த்தவர். கேள்வி நேரத்தில் எழுந்து, ‘இந்தத் தண்ணி எந்த மாசம் எடுத்ததுங்க, மழைக்கு முன்னாலயா பின்னாலயா?’ என்றார். புறத்தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாணவி வாயெடுப்பதற்குள் நேரமாகிவிட்டது என்றார் நெறியாளர். பிறகு எல்லாருக்கும் சாப்பாடு. நன்றாகவே இருந்தது. பந்தியில் அந்தப் பெண், தன் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் நண்பர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மோர் வரும் வரை அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆய்வின் உண்மையான வைவா அங்கேதான் நடந்தது.

இதே கோயமுத்தூரில் ஜி.ஆர். தாமோதரன் அறிவியலுக்கென்றே ஒரு தமிழ் மாத இதழ் நடத்தினார். அதன் பழைய பிரதிகளை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் தூசி தட்டி வாங்கிச் சேர்த்த பைத்தியம் எங்களுக்கு உண்டு. சொல் இல்லாத இடத்தில் சொல் செய்தார்கள். சில பல்லை உடைக்கும், உடைக்கட்டுமே. சென்னையில் பெ.நா. அப்புஸ்வாமி வக்கீலாக இருந்துகொண்டே ஆயுள் முழுக்க அறிவியல் எழுதினார். இவர்கள் வாசகனைத் தோழனாக உட்காரவைத்துப் பேசினார்கள். (ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் இந்த ஊரில் அறிவியல் பேசினால் குற்றம், சொல்லிவிட்டோம்.)

ஆய்வு மாணவர்கள் பொது வாசகருக்குக் கட்டுரை எழுத 2018இல் டெல்லி ஒரு பரிசு வைத்தது, முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். வைக்கட்டும். தமிழில் ஒரு மாணவி எழுதிக் கொண்டுபோனால் அதைப் படிக்க அவருடைய துறையில் யாருக்கு நேரம் இருக்கிறது? தரவரிசைக்காக மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் பல்கலைக்கழகங்களில் தமிழுக்கு வேலை விழாவன்று மட்டும்தான், அதுவும் தமிழ்த்தாய் வாழ்த்தோடு முடிந்துவிடுகிறது.

பப்ளிக் வைவா அறிவிப்பு எங்கேனும் கண்ணில் பட்டால் வாசகர்கள் இடம், தேதி, நேரம் எழுதி அனுப்ப வேண்டுகிறோம். அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்தில் வெளியிடுவோம். வேலை இல்லாத நாளாகப் பார்த்துச் சொன்னால் தானும் வருவதாக ஒரத்துப்பாளையத்து நண்பர் சொல்லியிருக்கிறார்.