ஏழு பேரும் ஒரு படகும்

போன மாசம் குடும்பத்தோட கொடைக்கானல் போயிருந்தோம். மொத்தம் 7 பேர். அப்பா, அத்தான், தம்பி, நான்னு ஆண்கள் 4. அக்கா, என் மனைவி, ப்ளஸ் ஒன் படிக்கிற அக்கா பொண்ணுன்னு பெண்கள் 3. (வத்தலக்குண்டு தாண்டினதும் யாரு வாந்தி எடுத்தாங்கங்கறது குடும்ப ரகசியம் :-))

பொண்ணு வழியெல்லாம் உம்முனு வந்தா. என்னன்னு கேட்டா, "எனக்குக் கணக்கு வராது மாமா, குரூப் மாத்திக்கப் போறேன்"ங்கறா. பரீட்சையில குழு தேர்ந்தெடுக்கிற கணக்குக்கு முட்டை. சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி. ஏன் தப்புன்னு ஒரு வார்த்தை இல்லை.

1863-ல லெவிஞ்ச் துரை உண்டாக்கின ஏரிக்கரையில உட்கார்ந்து, அதே கணக்கைச் சுருக்கிக் கேட்டேன். நம்ம 7 பேர்ல 4 பேர் படகுல போகணும், குறைஞ்சது 2 பெண்கள் வேணும். எத்தனை வழி?

அவ சொன்னது: 3 பெண்கள்ல 2 பேர், 3 வழி. மிச்சம் 5 பேர்ல யாராவது 2 பேர், 10 வழி. ஆக 30.

கேட்க சரியாத்தானே இருக்கு? நானும் காலேஜ்ல இப்படித்தான் போட்டேன்.

"சரி, நீ, அம்மா, அத்தை, தாத்தா. இந்தப் படகை எத்தனை தடவை எண்ணியிருக்கே?"ன்னேன். நீயும் அம்மாவும் முதல்ல, அத்தை அப்புறம். நீயும் அத்தையும் முதல்ல, அம்மா அப்புறம். அம்மாவும் அத்தையும் முதல்ல, நீ அப்புறம். மூணு தடவை! ஆனா படகு ஒண்ணுதான். மூணு பெண்களும் இருக்கிற குழு மொத்தம் 4. ஒவ்வொண்ணுலயும் 2 அதிகம், ஆக 8. 30-ல 8 போனா 22.

அவளே பிரிச்சும் போட்டா. சரியா 2 பெண்கள்னா 3 x 6 = 18, மூணு பெண்களும்னா 4. கூட்டினா அதே 22. முகத்துல அப்பத்தான் சிரிப்பு.

என் கட்சி இதுதான். சூத்திரம் ஒண்ணும் புதுசில்லை, 9-ம் நூற்றாண்டுலயே மகாவீரர் 'கணித சார சங்கிரகம்'ல சொல்லிட்டார். பசங்க தடுக்கி விழறது சூத்திரத்துல இல்லை, ஒரே ஆளை ரெண்டு தடவை எண்றதுல. ஆபீஸ்ல ஒரே கஸ்டமரை மூணு தடவை எண்ணி ரிப்போர்ட் அனுப்பினவன் நான், அனுபவத்துல சொல்றேன். 30ங்கறது முட்டாள்தனமான விடை இல்லை, 22-க்கு ரெண்டு படி கீழே நிக்கிற விடை. அந்த ரெண்டு படியைக் காட்டாம முட்டை போட்டா, பசங்க கணக்கையே விட்டுட்டுப் போயிடுவாங்க.

குரூப் மாத்தறதைத் தள்ளி வெச்சிருக்கா. நிஜப் படகுல அந்த 22-ல ஒரு குழு போச்சு. நான் கரையில சோளக்கதிரோட :-(