கடவுளுக்கு வக்காலத்து

‘நான் கும்பிட்ட சாமி என்னைக் கைவிடலை சார்!’

விபத்தில் தப்பியவர் இப்படிச் சொன்னால் அது நன்றி. தப்பில்லை. ஆனால், அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் செத்துப்போயிருந்தால்? அவர் மனைவி காதில் இந்த வாக்கியம் எப்படி விழும் என்று யோசித்திருக்கிறீர்களா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் நல்ல கூட்டம். சுனாமி வந்தது. மாதா கோயிலுக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையில் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலி.

உடனே விளக்கவுரைகள் ஆரம்பமாகிவிட்டன. ‘பார்த்தீங்களா, கோயிலுக்குள்ளே தண்ணி வரலை’ என்றார்கள் சிலர். ‘எல்லாம் தெய்வகுத்தம்’ என்றார்கள் வேறு சிலர். அடப்பாவிகளா! கடற்கரையில் நின்றவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? பிள்ளையை அலைக்குப் பறிகொடுத்த தாயின் பக்தியில் எத்தனை சதவிகிதம் குறைந்துபோச்சு?

பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிகிறது. மொட்டை, உண்டியல், மெழுகுவத்தி எல்லாம் நமக்கு பிரீமியம். கஷ்டம் வராமல் காப்பது கடவுளின் கடமை. அடுத்தவனுக்குக் கஷ்டம் வந்தால், அவன் பிரீமியத்தை ஒழுங்காகக் கட்டவில்லை! எல்.ஐ.சி. ஏஜென்ட்கூட சாவு வீட்டில் இப்படிப் பேச மாட்டார்.

பைபிளில் யோபு என்று ஒருவர். சொத்து போச்சு, பத்துப் பிள்ளைகளும் போச்சு, உடம்பெல்லாம் புண். மூன்று நண்பர்கள் வந்து, ஏழு நாள் வாயே திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள். அப்புறம்தான் ஆரம்பித்தார்கள், ‘நீ ஏதோ தப்பு பண்ணியிருப்பே’ என்று. கடைசியில், நியாயம் கேட்டு மல்லுக்கு நின்ற யோபுவையும் கடவுள் கேள்விகளால் துளைக்கிறார். ஆனால், அவருக்குக் கோபம் மூண்டது, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேர் மேல்தான்!

சுனாமியில் எல்லாம் இழந்த மீனவர்கள், அதே கடலைக் கும்பிட்டு மறுபடி படகை இறக்கினார்கள். ‘ஏன்’ என்பதற்கு அவர்களுக்கு பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் கும்பிட்டார்கள். நம்பிக்கை என்றால் அது. அதைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான் உண்டு. கரையில் நிற்கும் நமக்கில்லை.

எனவே, அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது, ‘எல்லாம் நல்லதுக்கே’ என்ற வாக்கியத்தைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே போய்ப் பேசாமல் உட்காருங்கள். பேசித்தான் ஆகவேண்டுமென்றால், ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேளுங்கள்.

கடவுளுக்கு வக்கீல் தேவையில்லை.