சுராங்கனி தெரியும், மனோகரனைத் தெரியுமா?



அண்மையில் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனோம். கல்லடிப் பாலம் தாண்டியதும் பஸ்ஸின் பின்பக்கத்தில் 'சுராங்கனி' தொடங்கிவிட்டது. யார் பாடியது என்று கேட்டோம். "இந்தியப் படப்பாட்டு சேர்" என்றான் ஒருவன். ஆசிரியர்களான எம்மிலும் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தப் பாட்டைத் தமிழரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நம் நாட்டுப் பாடகர் ஏ.ஈ. மனோகரன். எழுபதுகளின் பொப்பிசை மேடைகளில் பெருங்கூட்டம் சேர்த்தவர். செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுத்த 'வாடைக்காற்று' (1978) படத்தில் நடித்தார். 1977இல் இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் 'சுராங்கனி' வந்தது. பிள்ளை சொன்னது அதைத்தான். பின்னாளில் சென்னையில் வாழ்ந்து, 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் வில்லன் வேடங்களில் நடித்தார். 2018 ஜனவரி 22இல் அங்கேயே காலமானார். அன்று நம்மில் எத்தனை பேர் ஒரு வரி எழுதினோம்?

அவர் காலத்தவர்தான் நித்தி கனகரத்தினம். குடிக்கு எதிராக 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்று பாடியவர். நாம் ஜும்ஆவில் கேட்கும் புத்திமதியை அவர் பொப் மெட்டில் சொன்னார்.

இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்துக்கு நாம் வரவில்லை. அதை உலமாக்களிடம் விடுவோம். எங்கள் கவலை வேறு. இரண்டாம் மொழிப் பாடத்தில் ஒரு சிங்கள வசனம் சொல்லத் தடுமாறும் பிள்ளை, இந்தப் பாட்டின் சிங்களத்தைத் தங்குதடையின்றிப் பாடுகிறது. ஆனால் மீன் கொண்டுவந்த கதை அது என்று தெரியாது. மீன்பாடும் தேனாட்டில் இந்த நிலை!

இந்த மெட்டின் வேர் நமக்கு எட்டத்தில் இல்லை. பைலாவும் கபிரிஞ்ஞாவும் போர்த்துக்கேயர் காலத்தோடு வந்தவை. வாவிக்கு அந்தப் பக்கம் வாழும் மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் கல்யாணங்களில் வயலினோடு இன்றும் கபிரிஞ்ஞா ஆடுகிறார்கள். அவர்களின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இப்போது பெரும்பாலும் முதியவர்களின் வாயில்தான் இருக்கிறது. 2004 சுனாமியில் டச்பாரில் அவர்கள் பலரை இழந்தார்கள். அவர்களின் வீட்டு வாசலில் நம் பிள்ளைகள் எப்போதாவது நின்றதுண்டா?

2019க்குப் பிறகு "எங்களை யாரும் சரியாக அறிந்துகொள்ளவில்லை" என்று நாம் நொந்துகொள்கிறோம். நியாயமான நோவுதான். ஆனால் பக்கத்தில் இருப்பவரை அறிய நாம் எத்தனை அடி வைத்தோம்? நம்மை அறியச் சொல்லும் உரிமை, பிறரை அறிய முயல்பவனுக்கே அழகு.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். அடுத்த சுற்றுலாவில் பிள்ளைகள் பாடும்போது மனோகரனின் பெயரைச் சொல்லுவோம். அந்தச் சிங்கள வரிகளுக்குப் பொருள் சொல்லுவோம். பஸ்ஸை ஒரு மணி நேரம் டச்பார் பக்கம் திருப்பி, அங்குள்ள ஒரு முதியவரைப் பேசச் சொல்லிக் கேட்போம்.

பெற்றோரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?