தூய நீரில் வாடும் முருகைகள்

இல்லத்தில் கடல்நீர்த் தொட்டி அமைத்து முருகைகளை வளர்க்கும் சகோதரி ஒருவர் மிக வருந்தி எழுதியிருக்கிறார். குமிழி கிளப்பி அழுக்கை நுரையாக அகற்றும் கருவி, பொசுபேற்றைப் பற்றும் இரும்பொட்சைட்டுத் துகள், கரி ஆகிய மூன்றையும் இரவு பகலாக இயக்குகிறாராம். உப்பும் வெப்பமும் சரியாகவே உள்ளன. நீரோ பளிங்கு போன்றது. சோதித்தால் நைத்திரேற்றும் இல்லை, பொசுபேற்றும் இல்லை. ஆயினும் முருகைகள் நிறம் வெளிறி, அடிப்புறத்தில் தசை தேய்ந்து, வெண்கல் தெரியத் தொடங்கிவிட்டது. தாம் செய்த பிழை யாதென வினவுகிறார்.

சகோதரி, பெரும்பாலும் பிழை அளவு மீறிய வடிப்பிலேயே இருக்கிறது. முருகையின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவிலேதான் முருகை பெரும்பாலும் வாழ்கிறது. அப்பாசிகளுக்கு நைதரசனும் பொசுபரசும் சிறிதளவேனும் வேண்டும். நைத்திரேற்று மிகுந்து பொசுபேற்று அற்றுப்போன நீரில், வெப்பத்தையும் ஒளியையும் தாங்கமாட்டாமல் முருகை எளிதில் வெளிறும் என்பதைச் சவுதாம்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். தங்கள் தொட்டியிலோ இரண்டுமே இல்லை!

இதனால் வடிப்பே வேண்டாமென்று கொள்ளற்க. மீன்களின் கழிவிலெழும் அமோனியா நஞ்சாகும். அதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் துளை மலிந்த கற்களிலே வாழ்கின்றன. யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், உயிர்கள் பொதிந்த கடற்கற்களையும் காற்றுக் குமிழிகளையும் நம்பியே தொட்டி வளர்த்த முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். (இதைப் படித்துவிட்டு நம் கரையில் முருகைக்கல் பெயர்க்க எவரும் புறப்படவேண்டாம், சட்டம் தடுக்கிறது.)

முதலில் இரும்பொட்சைட்டை எடுத்துவிடுங்கள். நுரைக்கருவியைச் சில மணி நேரம் நிறுத்தி வையுங்கள்; மீனுக்குச் சற்றே கூடுதலாக உணவிடுங்கள். பத்து இலட்சம் பங்கு நீரில் நைத்திரேற்று 5 பங்களவும், பொசுபேற்று 0.05 பங்களவும் நிற்பது நலம். கரியை ஒரேயடியாக மாற்றாதீர்கள். புதுக்கரி நீரின் மஞ்சள் சாயலை நீக்க, திடீரென மிகும் ஒளியில் முருகை வெந்துபோகும். வடிபஞ்சை மட்டும் வாரம் இருமுறை கழுவவேண்டும். அதில் சிக்கிய அழுக்கு நீரை விட்டு அகன்றுவிடவில்லை, அங்கேயே அழுகுகிறது.

நிறம் மீளப் பல வாரங்கள் செல்லும். இடையிலே கண்ணாடியில் மெல்லிய பாசி படியும். அதனைத் துடைத்துவிட்டிருங்கள், அதற்கஞ்சி மீண்டும் இரும்பொட்சைட்டை இட்டுவிடாதீர்கள்.